ஒரு வாக்குமூலத்துக்காகத் தங்கச்சிமடம் வரை

மண்டபம் நிலையத்தில் ரயில் நின்று முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான், அது இப்போதைக்குக் கிளம்பாது என்பது எனக்கு உறைத்தது. பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எதிர் இருக்கைக் குடும்பம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துப் பாதி சாப்பிட்டும் முடித்திருந்தது. "காத்து ஜாஸ்தியாம். பாலத்துல விட மாட்டாங்களாம்" என்று அந்தக் குடும்பத்தின் தலைவர் எனக்குச் சொன்னார். சேலத்துக்காரர். சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தையும் நீட்டினார். இங்கிலாந்தில் ரயில் இப்படி நின்றால் ஆளுக்கு ஒரு போனுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வோம். பக்கத்து இருக்கைக்காரர் மயங்கி விழுந்தால்தான் பெயர் கேட்போம். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசியிருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பொறுமையில்லாத பத்துப் பேர் பெட்டிகளோடு இறங்கி நெடுஞ்சாலைக்கு நடந்தோம். நின்றபடி பயணம் செய்ய ஒரு பஸ் கிடைத்தது. பாம்பன் பாலத்தின் மேல் அது ஊர்ந்தது. சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, வண்டிய எடுலே! கடலு எங்கயும் போயிராது!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு யாரிடமாவது திரும்பி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தேன். சேலத்துக் குடும்பம் முன்பக்கம் ஏறியிருந்தது.

நான் வந்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஊரில் இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர் சங்கத்தின் எங்கள் கிளையில், வெள்ளையரல்லாத ஆசிரியர்களுக்குப் பிரதிநிதி என்று ஓர் இடம் உண்டு. எட்டு வருஷமாக அதில் இருப்பது நான்தான். தேர்தலில் நின்று ஜெயித்து வந்ததல்ல. கிளைச் செயலாளர் மார்ட்டின் என்னைப் போட்டார். நான் சத்தம் போடாதவள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது என் திறமைக்குக் கிடைத்த இடம் என்றுதான் நினைத்தேன்.

நான் பிரதிநிதியான முதல் வருஷத்தில் என்னிடம் வந்தவள் அருள்மேரி. தங்கச்சிமடத்துப் பெண். இங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் இயற்பியல் ஆசிரியர் பஞ்சம் என்று கேள்விப்பட்டு வந்தவள். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷத்தில் புதுத் தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். அருள்மேரியின் உச்சரிப்பு புரியவில்லை என்று பெற்றோர்கள் சொல்வதாகவும், வகுப்பு அவள் கைக்குள் இல்லை என்றும் கடிதங்கள் வரத் தொடங்கின. திறமையில்லை என்று காட்டி வெளியே அனுப்பும் நடைமுறைக்கு அங்கே நல்ல நாகரிகமான பெயர் இருக்கிறது. அதில் அவளைப் போட்டார்கள். ஓர் உடன்பாட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், நல்ல சான்றிதழ் கொடுத்து, சத்தமில்லாமல் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். நடந்ததை யாரிடமும் பேசக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. கையெழுத்துப் போடச் சொன்னது நான். வேலை போனதும் விசாவும் போனது. அவள் ஊர் திரும்பிவிட்டாள்.

இப்போது அதே பள்ளியில், அதே தலைமையாசிரியரிடம், கானா நாட்டிலிருந்து வந்த கிரேஸ் என்ற கணித ஆசிரியை மாட்டியிருக்கிறாள். கடிதங்களின் வாசகம்கூட மாறவில்லை. விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. முன்பும் இப்படி ஒருத்திக்கு நடந்தது என்று அருள்மேரி எழுதிக் கொடுத்தால் கிரேஸின் தரப்பு பலமாக நிற்கும். இல்லையென்றால் கஷ்டம் என்று சங்கத்தின் வக்கீல் சொன்னார். அருள்மேரிக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "இதைப் போனில் பேச மாட்டேன். வருவதென்றால் வாங்க." பிப்ரவரியில் எங்களுக்கு ஒரு வாரம் இடைவிடுமுறை. கிளம்பிவிட்டேன்.

தங்கச்சிமடத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. மாதா கெபியைத் தாண்டி மூன்றாவது சந்து. கதவைத் திறந்தது அவளுடைய தம்பி மனைவி செல்வராணி. கையில் மீன் செதிலோடு, என்னையும் என் சக்கரப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மதினி இங்கன இல்லையே. கடலாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இருக்காக. வாரக் கடைசிலதான் வருவாக. உங்ககிட்டச் சொல்லலையா?"

"இல்லைங்க. நானும் என்னைக்கு வரேன்னு சொல்லலை."

"லண்டன்லருந்து வாரீகளா?"

"லண்டன் இல்ல. அதுக்கும் வடக்க."

"அந்தச் சங்கத்து மேடமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே வரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பள்ளி இருக்கும் ஊரைச் சொன்னாள். குரல் மட்டும் அதற்குப் பிறகு ஒரு படி இறங்கியே இருந்தது.

இராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜ். பதிவேட்டில் 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டேன். மேஜைக்காரர் பேனாவால் அதைத் தட்டிக் காட்டினார்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"இல்ல."

"யாருக்குத் திதி?"

"யாருக்கும் இல்ல."

அவருக்கு அது பிடிபடவில்லை. இந்த ஊருக்கு வருகிறவர்கள் இறந்தவர்களுக்காக வருகிறார்கள். அதுவும் குடும்பமாகத்தான் வருகிறார்கள். தனியாக, செத்தவர் பெயர் ஒன்றும் சொல்லாமல், இங்கிலாந்துப் பாஸ்போர்ட்டோடு நிற்கிற ஐம்பத்துநான்கு வயதுப் பெண்ணை அவர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? ஏதோ எழுதினார். என்ன என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் கடலாடிக்குப் புறப்பட்டேன். இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் காலையிலேயே பருத்திப்பால் கிடைத்தது. சுக்கும் கருப்பட்டியுமாக இரண்டு டம்ளர் குடித்தேன். எங்கள் பள்ளி ஊழியர் அறையில் ஒரு காபி இயந்திரம் உண்டு. பொத்தானை அழுத்தினால் மூன்று விதமான வெந்நீர் தரும். அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன்.

என் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மாள் வந்து உட்கார்ந்தார். கீழக்கரைக்காரர், சிக்கலில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். ஊரை விட்டு அரை மணி நேரம் போயிருப்போம், 'டப்' என்று ஒரு சத்தம். பின் டயர் போய்விட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, நடுவில் ரோடு. தூரத்தில் கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மாற்று டயர் டிப்போவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எல்லோரும் இறங்கி, இருந்த கொஞ்சம் நிழலைப் பங்குபோட்டுக்கொண்டோம். அந்த அம்மாள் பையைத் திறந்து மகளுக்குக் கொண்டு போகும் தொதலில் ஒரு துண்டை வெட்டி என் கையில் வைத்தார். தேங்காய்ப்பாலில் கிண்டிய கறுத்த அல்வா, கைக்கெல்லாம் எண்ணெய்.

நான் இங்கிலாந்திலிருந்து வந்திருப்பதைச் சொன்னதும், "நம்ம பிள்ளையும் வெளிநாட்டுலதான், கத்தார்ல" என்றார். "நல்லா இருக்கேன்னுதான் சொல்றான், அல்ஹம்துலில்லாஹ். நல்லா இல்லேன்னா எங்கிட்டச் சொல்லவா போறான்?"

நான் தொதலை மென்றேன்.

"உங்க நாட்டுல வேலைக்குப் போன இடத்துல ஒரு அநியாயம்னா, கேக்க ஆள் இருக்காகளா?"

"சங்கம் இருக்குங்க."

"சங்கத்துல நம்மாளுக இருக்காகளா?"

"நான் இருக்கேன். அதுதான் என் வேலை."

"அப்பச் சரி" என்றார். அவர் முகம் தெளிந்தது. ஏதோ அவருடைய மகனுக்கே ஓர் ஆள் கிடைத்துவிட்டதுபோல. இன்னொரு துண்டு வெட்டித் தந்தார்.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியாக அருள்மேரியைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் காலி பாட்டிலை அழுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வாளியைச் சுற்றிக் கூடி, "டீச்சர் நானு, டீச்சர் நானு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "அமுக்கிப் பாரு. உன் கைய மேல தள்ளுறது யாரு? தண்ணிதான்! எவ்வளவு தண்ணிய நீ விலக்குறியோ அவ்வளவு தள்ளும்" என்றாள் அவள். வகுப்பு சந்தையாக இருந்தது. ஆனால் எல்லாக் கண்களும் அந்த வாளிக்குள் இருந்தன. வகுப்பு கைக்குள் இல்லை என்று அங்கே எழுதினார்களே, அது இதுதான் போலிருக்கிறது. அங்கே அவள் வகுப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைத்தான் படித்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பாடத்தை நிறுத்தவில்லை. மணி அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க மேடம்."

இங்கிலாந்தில் இருந்த வரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பழைய பள்ளி வேலை கிடைக்கவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்றாள். இங்கே தற்காலிக வேலை, இதே ஊரில் ஒரு வாடகை அறை. இதையெல்லாம் வேறு யாருடைய செய்தியையோ சொல்வதுபோலச் சொன்னாள். நான் கிரேஸைப் பற்றிச் சொன்னேன். அவள் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு வாரத்துல மூணு தடவ வகுப்புல வந்து உக்காந்தாங்களா?"

"ஆமா."

"பின்னாடி மூலையில? பேசாம எழுதிக்கிட்டு?"

"ஆமா அருள்."

"அந்தப் பிள்ள சாப்பிடுதா?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"மத்தியானம் சாப்பிடுதான்னு கேக்குறேன். எனக்கு அப்ப ரெண்டு மாசம் சோறு இறங்கல. டிபன் பாக்ஸ அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயி கொட்டிட்டுக் கழுவுவேன்."

கிரேஸ் சாப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரியாது. அவளோடு நான்கு முறை பேசியிருக்கிறேன். நான்கு முறையும் தேதிகளையும் கடிதங்களையும் பற்றித்தான். அருள்மேரி சாப்பிடவில்லை என்பதும் அன்றுவரை எனக்குத் தெரியாது.

பையிலிருந்து நான் தயார் செய்து கொண்டுவந்திருந்த வாக்குமூலத்தை எடுத்துக் கொடுத்தேன். அச்சடித்த இரண்டு பக்கம். கீழே அவள் கையெழுத்துக்குக் கோடு. அவள் நிதானமாகப் படித்தாள்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான். உனக்கு வேலை வேண்டாமேன்னு."

"நான் பேசுற மாதிரி இல்லையே" என்றாள். தாள்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சனிக்கிழம வீட்டுக்கு வாங்க. எனக்கு இப்ப எட்டாம் வகுப்பு இருக்கு."

திரும்பும் வழியில் பஸ் எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை எனக்கு எந்த வேலையும் இல்லை. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்த கூட்டம் ஈரம் சொட்டச் சொட்ட என்னைக் கடந்து ஓடியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கி, சிரித்து, கடைசி ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. அந்தப் பிரகாரத்தில் காய்ந்த துணியோடு நடந்தவள் நான் ஒருத்திதான். பகலில் தனுஷ்கோடிக்கு ஒரு வேனில் இடம் பிடித்தேன். முனையில் இறங்கியதும் போனில் செய்தி வந்தது: இலங்கைக்கு நல்வரவு. இந்தியாவுக்கும் நான் விருந்தாளி, இங்கிலாந்துக்கும் முழுசாக வீட்டுக்காரி இல்லை. இப்போது இன்னொரு நாடும் தூரத்திலிருந்து என்னை வரவேற்றது. யாருக்காவது அதை அனுப்பலாம் என்று நினைத்தேன். மகள் கல்லூரி விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பாள், அவளுக்கு இது சிரிப்பாக இராது. விவாகரத்தான கணவருக்கு அனுப்புவதற்கில்லை. திருச்சியில் அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டுப் போன் எண்ணையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சூடாக ஒரு தட்டு கணவாய் வறுவல் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாலை நான்கு மணி வாக்கில் லாட்ஜ் மொட்டை மாடியில் மார்ட்டினின் அழைப்பு வந்தது. அங்கே காலை. பின்னால் அவர் நாய் குரைப்பது கேட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது:

"கையெழுத்தாகிவிட்டதா?"

"நாளைக்குத்தான் சொல்வாள்."

"நல்லது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள், சுமதி. இந்தக் கதை பள்ளியைப் பற்றியதாக இருக்கட்டும். நம்மைப் பற்றியதாக ஆகிவிட வேண்டாம். அன்றைக்கு நாம் நமக்குத் தெரிந்ததைச் செய்தோம், இல்லையா?"

"செய்தோம்" என்றேன்.

"உனக்கும் நல்லதல்ல, பார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மார்ட்டின் எப்போதும் அன்பாகத்தான் சொல்வார்.

சனிக்கிழமை தங்கச்சிமடம் போனபோது, கரையில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் கடலில் இல்லை. மெயின் ரோட்டோரம் ஒரு பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்வராணி இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"எல்லைக்கிட்ட ஒரு போட்டு பிடிபட்டிருச்சு. ஆறு பேரு. அதான் விசைப்படகெல்லாம் வேல நிறுத்தம்."

"உங்க சொந்தக்காரங்களா?"

"சொந்தமெல்லாம் இல்ல. அவுக பாம்பன். எங்க வீட்டுக்காரருக்கும் அவுகளுக்கும் போன வருசம் வலைத் தகராறு வேற." வீட்டை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள். "அதுக்கு என்ன? இங்கன ஒரு போட்டப் பிடிச்சா எல்லாப் போட்டும் கரையிலதான் நிக்கும்."

சந்துக்குள் திரும்பியதும் அவள் நின்றாள். என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க மதினிய அனுப்புனப்ப, அங்கன எத்தன டீச்சருக வேலைய நிறுத்துனாக?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. ஏழு வருஷமாக அவள் அதை யாரிடமாவது கேட்கக் காத்திருந்திருக்க வேண்டும்.

"யாரும் நிறுத்தலை" என்றேன்.

"நீங்க?"

"நானும்தான்."

அவள் தலையை ஆட்டினாள். "சரி, வாங்க. சோறு ஆறிரும்" என்றாள்.

நாட்டுப்படகில் வந்த சூடை மீனை மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்தார்கள். மாங்காய் போட்ட மீன் குழம்பு. அருள்மேரி எனக்குப் பரிமாறினாள், அவளும் உட்கார்ந்து வயிறார இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தம்பி அந்தோணி ஒரு நிமிடம் எட்டிப் பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார்.

கை கழுவிய பிறகு அருள்மேரி ஆறு தாள்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். பள்ளிக்கூடக் கோடு போட்ட தாள். பென்சில் மாதிரி மெல்லிய நீலப் பேனா. அவளுடைய உருண்டையான ஆங்கிலக் கையெழுத்து. நான் அச்சடித்துக் கொடுத்தது அதில் இல்லை.

"படிங்க" என்றாள்.

முதல் மூன்று தாள் பள்ளியைப் பற்றியது. தேதி தவறாமல், யார் எந்த வாசலில் நின்று என்ன சொன்னார்கள் என்பது வரை இருந்தது. அதற்கடுத்த தாளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"என் சங்கப் பிரதிநிதி ஒரு தமிழர். அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளி வாகன நிறுத்தத்தில், அவருடைய காரில் வைத்து, எங்கள் மொழியில் சொன்னார்: 'நிறத்தாலதான் இப்படிச் செய்யறாங்கன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாத. சொன்னா உனக்கு இந்த நாட்டுல வேற எந்தப் பள்ளியும் வேலை தராது. அந்த ஒரு வார்த்தைய விட்டுடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்.' வெள்ளைக்காரர் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் தமிழில் சொன்னதால் நம்பினேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை."

எனக்கு அந்தக் காரின் ஹீட்டர் சத்தம்கூட நினைவிருந்தது. மழை. அவள் அழவில்லை, மடியில் டிபன் பாக்ஸ் வைத்திருந்தாள். நான் சொன்ன வார்த்தைகள் அதற்கு முந்தைய நாள் மார்ட்டின் என்னிடம் சொன்னவை. நான் செய்ததெல்லாம் மொழிபெயர்த்ததுதான். அதைச் செய்வதற்குத்தான் என்னை அந்த இடத்தில் வைத்திருந்தார்கள்.

"அருள்..." என்று தொடங்கினேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம். அதுக்காக நான் எழுதல. அந்தப் பிள்ளைக்காக எழுதுனேன்." "ஒரு வார்த்த மாத்தக் கூடாது. மாத்தணும்னா இங்கனயே வச்சிட்டுப் போங்க."

"பேசக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கே. உனக்கு ஏதாவது..."

"என்ன செய்வாக? வேலைய விட்டு அனுப்புவாகளா?" முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுக்கப்புறம் எனக்கு ஏன் போன் போடல? ஒரு தடவ?" என்றாள்.

ஏதேதோ பதில் என் வாய் வரை வந்தது. "வெக்கமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"ம்" என்றாள். வெளியே பந்தலில் யாரோ மைக்கில் பேசத் தொடங்கினார்கள். அவள் தாள்களை ஓரம் சேர்த்து ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பஸ் வரும்வரை நாங்கள் பேசிக்கொண்டது பத்தாம் வகுப்புப் பரீட்சையைப் பற்றி.

பஸ்ஸில் உறையைத் திறந்து மீண்டும் படித்தேன். அவள் தாள்களுக்கு எண் போட்டிருக்கவில்லை. மூன்றாவது தாள் ஒரு வாக்கியத்தோடு முடிகிறது, ஐந்தாவது புதுப் பத்தியில் தொடங்குகிறது. நடுவிலுள்ள ஒன்றை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கிரேஸுக்கு வேண்டியது எல்லாம் மற்ற ஐந்தில் இருக்கிறது. பாம்பன் பாலத்துக்கு எதிர்த்திசையில், இராமேஸ்வரம் வரும் வரை, அந்தக் கணக்கையே மனத்துக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்த ஐந்து தாளைப் போலத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இராமநாதபுரத்தில் கடைகள் பூட்டிக் கிடந்தன. அரண்மனைப் பக்கம் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் பாதி ஷட்டர் தூக்கியிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையைக் கண்டேன். கடைக்காரர் கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். தாள்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றேன். ஒவ்வொன்றாக வைத்து மூடினார். நான்காவதில் நின்றார்.

"இந்த ஒரு தாளு மட்டும் மங்கலா விழுதும்மா. பேனா சரியில்ல போல. இத விட்டுறவா?"

"இல்ல. இன்னொரு தடவ போடுங்க."

"கறுப்பாக் கூட்டி வைக்கிறேன்" என்றார். இரண்டாம் முறை தெளிவாக விழுந்தது.

வக்கீலுக்கு அனுப்பினேன். மார்ட்டின் ஒருவருக்கு அனுப்பி நிறுத்தாமல், அவரையும் சேர்த்துக் கிளைக் குழுவில் உள்ள பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். நான்காவது தாளில் வரும் பிரதிநிதி நான்தான், அதில் உள்ளது உண்மை, பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று மூன்று வரி சேர்த்தேன். அப்புறம் கிரேஸுக்குத் தனியாக ஒரு செய்தி: "மதியம் சாப்பிடுகிறாயா?" அங்கே அதிகாலை. என்றாலும் உடனே பதில் வந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது. "இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

மார்ட்டின் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இருபது வருஷத்துச் சிநேகிதர். ஊழியர் அறையில் என் மேஜைக்கு வந்து உட்காருகிறவர்களும் குறைந்துபோனார்கள். கிரேஸ் மீதான நடவடிக்கையை விசாரணைக்கு முந்தைய நாளே பள்ளி கைவிட்டது; அவள் இன்னும் அங்கேதான் கணிதம் சொல்லித் தருகிறாள். பிரதிநிதி இடத்துக்குச் செயலாளர் ஆள் போடக் கூடாது, வெள்ளையரல்லாத ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கிளைக் கூட்டத்துக்கு வந்தது. அருள்மேரியின் அனுமதியோடு, அந்தக் கூட்டத்தில் அவள் எழுதியது முழுவதையும் படிப்பது என்று முடிவானது. படிக்க முன்வந்தவள் கிரேஸ்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னுடைய இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலி. கிரேஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடங்கினாள். பெயரைச் சரியாகச் சொன்னாள், அருள்மேரி. ஊர்ப் பெயருக்கு வந்ததும் தடுக்கியது. மறுபடி முயன்றாள், பாதியில் நின்றாள். "மன்னிக்க வேண்டும், தப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை" என்று சொல்லித் தலை நிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்தாள்.

"தங்கச்சிமடம்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரேஸ் அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. எனக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே படித்தாள். முதல் மூன்று தாளுக்கும் அரங்கம் அசையாமல் கேட்டது. பிறகு அவள் நான்காவதைப் புரட்டினாள். நான் எழுந்து போகவில்லை.